கொம்பும் காலும் சேர்ந்து நகரட்டும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் ஆறு ஆண்டுகளாக டி.டி.பி. வேலை செய்கிறேன். திருமணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் நான்தான் அமைக்கிறேன். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் நன்றாகத் தெரியும். இப்போது பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்ப வீடியோவும் கேட்கிறார்கள். டெம்பிளேட்டில் பெயரை மாற்றிக் கொடுக்கிறேன். தமிழ் எழுத்து உடைகிறது. உடையாமல் வந்தாலும் எழுத்து ஓடுகிறதே தவிர, மனதில் ஒன்றும் தங்குவதில்லை. எழுத்தையே நடிக்க வைக்கிறவர்களின் வேலையைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. சென்னையில் மோஷன் கிராபிக்ஸ் படிக்க 1½ லட்சம் கேட்கிறார்கள். வீட்டில் கடன் வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. எங்கிருந்து தொடங்குவது, அண்ணா?
- கடலூர் வாசகி

அன்புத் தங்கைக்கு,

கடன் வாங்க வேண்டாம். வீட்டில் பேச்சு முற்றி, யாராவது நகையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் இந்த ஒரு வரியாவது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நிலையங்களே கூடாது என்பது என் கருத்தில்லை. ஆனால் உங்களுக்கு இப்போது தேவைப்படுவதை அங்கே பெரும்பாலும் சொல்லித்தருவதில்லை. புதுச்சேரியில் என் ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வருகிற பிள்ளைகளின் மாதிரி வேலைகளைப் பார்க்கிறேன். ஆங்கிலச் சொல் துள்ளுகிறது, சுழல்கிறது, நொறுங்கிச் சேர்கிறது. அதே இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக் காட்டுங்கள் என்றால் கை நின்றுவிடுகிறது. அவர்கள் கற்றது மென்பொருளின் மெனுக்களை. நீங்கள் ஆறு ஆண்டுகளாகத் தமிழ் எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறீர்கள். எந்த எழுத்து அகலம், எது ஒல்லி, ழ-வின் வால் எவ்வளவு கீழே இறங்கும், ண-வும் ணை-யும் ஒரு வரியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். இந்தத் துறையில் அது பெரிய முதல்.

எழுத்து ஏன் உடைகிறது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். இது தெரியாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

உங்கள் அச்சகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான் ஓடும் என்று நினைக்கிறேன். பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஐந்து விசைகளைத் தட்டுகிறீர்கள்: த, ம, மேல்விலங்கு, ழ, புள்ளி. கணினிக்கு அவை ஐந்து தனித்தனி ஆங்கிலக் குறிகள். அவற்றின் முகம் மட்டுமே தமிழ். காகிதத்தில் அச்சாகும்போது இது யாருக்கும் தெரியாது. 'எழுத்து ஒவ்வொன்றாக வரட்டும்' என்ற அனிமேஷனைப் போட்ட உடனே தெரிந்துவிடும். ம தனியாக வந்து நிற்கும், அதன் விலங்கு பின்னால் பறந்து வந்து தலையில் உட்காரும். ழ வந்து சேர்ந்த பிறகு கடைசியாகப் புள்ளி விழும். மூன்று எழுத்துச் சொல் ஐந்து துண்டுகளாக வந்து சேர்கிறது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரியாகும். யூனிகோடிலும் 'தமிழ்' ஐந்து குறிகள்தான். அவற்றைச் சேர்த்து மூன்று எழுத்தாக வடிவமைக்கும் பொறுப்பு மென்பொருளுடையது. அந்த வசதி இல்லாத மென்பொருளில் 'வரவேற்பு' என்று போட்டுப் பாருங்கள். யூனிகோடு சேமிப்பில் முதலில் வ, அதன்பிறகுதான் இரட்டைக்கொம்பு. கொம்பைத் தூக்கி வ-வுக்கு முன்னால் வைக்க வேண்டியது மென்பொருள். வைக்கத் தெரியாவிட்டால் கொம்பு வ-வைத் தாண்டி ற-வின் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். திருமணப் பத்திரிகையில் வரவேற்பே தப்பாக இருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளை வைத்திருந்தால், அதன் விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள். வடிவம் சரியாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் எழுத்தாக அசைக்கும்போது அது எதை ஓர் எழுத்தாக எண்ணுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிட்டே நம்புங்கள்.

நான் செய்வது வேறு வழி, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழியும்கூட. எழுத்தை எழுத்தாக அசைக்காமல் வடிவமாக மாற்றி அசைப்பேன். அச்சுக்கு அனுப்பும் முன் கோரல் டிராவில் தினமும் எழுத்தைக் கர்வ் ஆக்குகிறீர்கள், அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றுகிறீர்கள் அல்லவா? அதையே செய்யுங்கள். கர்வ் ஆக்கியபின் பிரேக் அபார்ட் கொடுத்தால் எல்லாம் துண்டு துண்டாகப் பிரியும். அப்போது க-வின் வயிறும் கொம்பின் சுழியும் அடைபட்டுக் கறுத்துப்போகும். பதற வேண்டாம். வெளிக்கோட்டையும் உள்வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கம்பைன் கொடுத்தால் ஓட்டை திறந்துகொள்ளும். பிறகு கொம்பு, மெய், கால் மூன்றையும் ஒன்றாக்கி ஓர் எழுத்து, ஒரு பொருள் என்று வையுங்கள். கொம்பு இல்லாமல் வே கிடையாது, எனவே இரண்டும் சேர்ந்துதான் நகர வேண்டும். ஏதாவது ஓர் எழுத்தில் காலை மட்டும் நீட்டி விளையாட நினைத்தால் அந்தக் காலை மட்டும் தனியே விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, வடிவத்தைக் கோடுகளாகவே வைத்திருக்கும் எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமியுங்கள். பாமினியில் தொடங்கினாலும் இந்தக் கட்டத்துக்குப் பிறகு அது வெறும் வடிவம், எந்த மென்பொருளிலும் உடையாது.

எழுத்துருவைப் பற்றி ஒரு சொல். அனெக் தமிழ், முக்தா மலர், கட்டமரான், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். அனெக் தமிழில் எழுத்தின் தடிமனையும் அகலத்தையும் இடைவெட்டில்லாமல் மாற்ற முடியும். அசைவுக்கு அது பெரிய வரம். இவற்றைக் கோரல் பிடிவாதமாக உடைத்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடியுங்கள். அதுவும் இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டும்.

இனி முக்கியமான இடம். 'எழுத்து ஓடுகிறது, மனதில் தங்குவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை உணர்ந்து எழுதியதற்காகவே உங்களால் இந்தக் கலையைக் கற்க முடியும் என்று நம்புகிறேன்.

டெம்பிளேட் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கிறது. தமிழ் அப்படி ஒலிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½, குற்றியலுகரத்துக்கும் ½. கண்ணிமைக்கும் நேரமோ கைநொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. அனிமேஷனில் நாங்கள் நேரத்தை ஃபிரேமில், அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்களில் அளக்கிறோம். நொடிக்கு 24 ஃபிரேம் என்பது பழைய திரைப்படக் கணக்கு. ஒரு மாத்திரைக்கு 6 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டு 'காற்று' என்ற சொல்லை எடுங்கள். கா நெடில், 12 ஃபிரேம். ற் மெய், 3 ஃபிரேம். று குற்றியலுகரம், அதற்கும் 3. மொத்தம் 18 ஃபிரேம், அதாவது முக்கால் நொடி. டெம்பிளேட்டாக இருந்தால் மூன்று எழுத்துக்கும் ஆளுக்கு 6 கொடுத்திருக்கும். இரண்டையும் செய்து அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஒன்றில் சொல் கேட்கிறது, இன்னொன்றில் கேட்கவில்லை. ஒலியே இல்லாத வீடியோவில் ஒரு சொல் காதில் விழுவது போல ஆகிவிடுவதுதான் இந்தக் கலையின் அடிப்படை. மற்றதெல்லாம் இதன்மேல் கட்டுவது.

கடலூர்க்காரர்களுக்குக் காற்று என்ற சொல்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சில்வர் பீச்சில் மாலை ஆறு மணிக்கு வீசுவதும் காற்றுதான். இந்த இரண்டு காற்றையும் ஒரே சொல்லில், ஒரே எழுத்துருவில், கறுப்பு வெள்ளையில் செய்து பாருங்கள். இதுதான் நான் உங்களுக்குக் கொடுக்கும் முதல் பயிற்சி.

புயலுக்கு நான் செய்தால் இப்படிச் செய்வேன். க அசையாது, வேர் பிடித்தாற்போல் நிற்கும். அதன் கால் மட்டும் முதல் 2 ஃபிரேமில் காற்று வீசும் திசைக்கு எதிராக லேசாகப் பின்வாங்கும். பிறகு 10 ஃபிரேம் முழுக்க வலப்பக்கம் சாய்ந்து நீண்டுகொண்டே போகும். தொடக்கத்தில் வேகமாக, கடைசியில் இனி நீள முடியாது என்பது போல மெதுவாக. அடுத்து ற். அந்த 3 ஃபிரேமும் திரையில் எதுவுமே அசையாது, புள்ளியோடு ற் சட்டென்று இருக்கும். வல்லின மெய்யைச் சொல்லும்போது வாய்க்குள் காற்று அடைபடுகிற கணம் அது. அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் அடுத்து வருவதற்கு வலு இருக்காது. பிறகு று 3 ஃபிரேமில் திரைக்கு வெளியே வீசப்படும், எந்த மெதுவும் இல்லாமல். கடற்கரைக் காற்றுக்கு ஒரு மாத்திரையை 9 ஃபிரேமாக விரித்துக்கொள்வேன். கால் கொஞ்சமாகச் சாய்ந்து திரும்பும். ற்-இன் புள்ளி ஒரு கணம் தாமதமாக அதைப் பின்தொடரும். று வெறுமனே வந்து அமரும். மாத்திரை விகிதம் இரண்டிலும் அதேதான். மாறுவது மொத்த நேரமும் தூரமும் வேகத்தின் வளைவும் மட்டுமே.

அந்த வளைவை வேக வரைபடத்தில்தான், அதாவது அசைவு நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று மென்பொருள் காட்டும் கோட்டில்தான் செய்ய வேண்டும். அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீஃபிரேம்களை வைத்துவிட்டு அப்படியே விட்டால், பல மென்பொருள்களில் பொருள் ஒரே சீரான வேகத்தில் நகரும். பிணமும் அப்படித்தான் இழுக்கப்படும். உயிருள்ள எதுவும் அப்படி நகராது. டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த அனிமேட்டர்களான ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தங்கள் துறையின் 12 அடிப்படைக் கொள்கைகளை எழுதி வைத்தார்கள். எழுத்தை அசைக்கிறவருக்கு அதில் நான்கு போதும்: மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிதல், செயலுக்கு முன் பின்வாங்குதல், அமுங்கி நீளுதல், முக்கிய உறுப்பு நின்றபின் தொங்கும் உறுப்பு தொடர்ந்து ஆடி நிற்றல். கொம்பும் காலும் விலங்கும் புள்ளியும் உள்ள நம் எழுத்துக்கு அந்தக் கடைசிக் கொள்கை எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். ஆங்கில எழுத்தில் தொங்குவதற்கு அவ்வளவு உறுப்புகள் கிடையாது.

மாத்திரைக் கணக்கைச் சட்டமாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். சொல்கிறவர் அழுதால் குறிலும் நீளும், அதட்டினால் நெடிலும் குறுகும். அதனால் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர்களிடம் அனுமதி கேட்டுக் கொஞ்சம் பதிவு செய்யுங்கள். எண்கள் எப்படி ஏறுகின்றன, எங்கே மூச்சு வாங்குகிறார்கள், கடைசி விலையில் குரல் எப்படி இறங்குகிறது என்று ஒலி அலையைத் திரையில் விரித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த அலையின் மேடு பள்ளத்தில் கீஃபிரேமை வையுங்கள். போனது போனீர்கள், படகுகளின் முகப்பில் தூரிகையால் எழுதிய பெயர்களையும் படம் எடுத்து வாருங்கள். ஓவியர் எங்கே தூரிகையை அழுத்தினார், எங்கே தூக்கினார் என்று தெரியும். எழுத்து திரையில் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை அந்தத் தூரிகைத் தடமே சொல்லிவிடும்.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் கையால் செய்யுங்கள். உங்கள் அச்சகத்தில் கட்டிங் போட்டு ஒதுக்கும் அட்டைத் துண்டுகள் மூலையில் கிடக்கும். அதிலிருந்து எழுத்துகளை வெட்டுங்கள். கைபேசியை மேசைக்கு மேல் நிலையாகப் பொருத்தி, எழுத்தைக் கொஞ்சம் நகர்த்திப் படம், இன்னும் கொஞ்சம் நகர்த்திப் படம். நொடிக்கு 12 படம் போதும், ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 24 வந்துவிடும். ஒரு சொல்லுக்கு ஒரு மாலை நேரம் ஆகும். ஒவ்வொரு நகர்வையும் கையால் முடிவு செய்தவருக்கு வேக வரைபடம் ஒரே நாளில் புரிந்துவிடும். அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் 1950-களில் ஹாலிவுட் படங்களின் தலைப்புக் காட்சிகளை வெட்டிய தாள் வடிவங்களைக் கொண்டு அமைத்தார். கனடாவில் நார்மன் மெக்லாரன் பிலிம் சுருளின்மேல் நேரடியாக வரைந்தும் கீறியும் படங்களை அசைத்தார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வெளிவந்ததோ 1993-இல். கலை மென்பொருளைவிட மூத்தது என்பதால்தான் கடன் வேண்டாம் என்கிறேன்.

மடிக்கணினி விஷயம் சுருக்கமாக. 8 ஜிபியில் தொடங்கலாம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம். எஸ்.வி.ஜி.யை உள்ளே கொண்டுவந்து அசைக்கலாம், வேக வரைபடம் அருமையாக இருக்கும். தமிழை அதற்குள் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள், வடிவமாகவே கொண்டுபோங்கள். வீடியோ தொகுக்கும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் நல்லது, ஆனால் உங்கள் கணினி திணறும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ரேமை 16 ஜிபி ஆக்க முடியுமா என்று கடையில் கேளுங்கள், ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். புதிய கணினியை, இந்த வேலையில் வரும் வருமானத்தில் வாங்குங்கள்.

உங்கள் அன்றாட வேலையான திருமண வீடியோவுக்கு வருவோம். மணமகன், மணமகள் பெயர் இரண்டு மட்டும் அசையட்டும். அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு பெயரில் நெடில் இருக்கும், இன்னொன்று மெல்லின மெய்யில் முடியும். அந்தந்தப் பெயர் தன் ஒலிப்படி வந்து சேரட்டும். 'ம்', 'ன்' என்று முடிகிற பெயரைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்ல ஓயவிடுங்கள். தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் ஆகிய மூன்றும் அசையவே கூடாது. வந்து நிற்க வேண்டும், நீங்கள் இரண்டு முறை வாய்விட்டு நிதானமாகப் படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். வீட்டில் வயதானவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நேரம் ஒதுக்குங்கள். செல்பேசிக்கு என்பதால் 1080-க்கு 1920 என்று நெட்டாக அமையுங்கள். வாட்ஸ்அப் வீடியோவை நசுக்கி அனுப்பும். மெல்லிய கோடுள்ள எழுத்து வேகமாக நகர்ந்தால் குழம்பிவிடும், ஆகவே கொஞ்சம் தடித்த எழுத்தே நல்லது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கோப்பை டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் தரம் குறையாது. திரைப்படப் பாட்டைப் பின்னணியில் போட்டுத்தரச் சொல்வார்கள். சமூக வலைத்தளத்தில் ஏற்றும்போது உரிமைப் பிரச்சினையால் ஒலி முடக்கப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளூர் நாதஸ்வரக் கலைஞர் ஒருவரிடம் பேசி, அவருக்குப் பணம் கொடுத்து, அரை நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

படிப்பு வேண்டவே வேண்டாமா என்றால், ஓவியம் வேண்டும். கோட்டோவியம் வரைகிற கை இருந்தால் உங்கள் வேலை இன்னும் உயரும். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. நீங்கள் புதுச்சேரிக்கு வரும் பஸ் அந்த வழியாகத்தான் வருகிறது. ஓவியமும் சிற்பமும் முறையாகக் கற்பிக்கும் அரசு நிறுவனம் அது. முழுநேரப் படிப்பு வேலைக்கு ஒத்துவராது, ஆனால் அங்கே படித்தவர்கள் யாராவது வார இறுதியில் கோட்டோவியம் சொல்லித்தருகிறார்களா என்று விசாரியுங்கள். அந்தச் செலவு தாங்கும். சென்னைப் பயிற்சி நிலையத்துக்குப் பிறகொரு நாள் போக நேர்ந்தால், அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் மாணவர்கள் தமிழில் செய்த வேலையைக் காட்டுங்கள். காட்டினால் உட்கார்ந்து பேசலாம்.

கடைசியாக, கூலி. பத்திரிகை அடித்தால் வீடியோ இலவசம் என்று உங்கள் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தால் அதை இப்போதே மாற்றச் சொல்லுங்கள். டெம்பிளேட்டில் பெயர் மாற்றுவது ஒரு விலை, எழுத்தை வரைந்து அசைப்பது வேறு விலை என்று இரண்டு மாதிரிகளைக் கடைக் கணினியில் அடுத்தடுத்து ஓடவிட்டுக் காட்டுங்கள். அந்த இரண்டாவது மாதிரிக்கு வாடிக்கையாளரின் பெயர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாருடைய பெயரையாவது வைத்து இந்த மாதமே செய்யுங்கள். அட்டையில் வெட்டிச் செய்த 'காற்று' இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.